செருப்போட வந்து சேரு

நான் முனகுறது தொந்தரவா இருக்காக்கா? இருந்தா வாயைத் திறந்து சொல்லிருங்க. இப்படி அரைக்கண்ணால பார்க்காதீங்க. கண்ணால பேசுறவுகளோட எனக்கு ஒத்து வராது. எங்க வீட்டுல பத்தொன்பது நாளா அந்தக் கூத்துதான் நடக்குது. பஸ்ஸுலயாச்சும் மனுசங்க வாயால பேசுவாங்கன்னு ஏறியிருக்கேன்.

தலைவலியா? அதெல்லாம் இல்ல. பாட்டு. பாட்டு வர மாட்டேங்குது. மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள நாலு கண்ணி வரணும். கண்ணின்னா நாலு நாலு வரியா வரும்ல, அதுதான். கமுதியில ஏறுறப்ப ஒரு வரி இல்ல. இந்தா அருப்புக்கோட்டை வரப் போகுது, இப்பவும் ஒரு வரி இல்ல.

ஒரு மணிக்கு ரெக்கார்டிங். ஜெபராஜ் அண்ணன்னு ஒருத்தர் மதுரையில கலைக்குழு வச்சிருக்காரு. திருவிழாவுக்கெல்லாம் மேடை போட்டுப் பாடுவாங்க, யூடியூப்ல ஏத்துவாங்க. "சொந்தமா ஒரு பாட்டு கொண்டா. நல்லா இருந்தா தை மாசத்துல இருந்து குழுவுல நீயும் ஒரு ஆளு"ன்னு சொல்லியிருக்காரு. நல்லா இல்லைன்னா, வியாழக்கிழமை மில்லு வேன் வருது. எங்க சித்தப்பா ஏற்பாடு. மூணு வருசம் மில்லு, மில்லுக்குள்ளயே ஹாஸ்டல், ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து நிமிசம் போன். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. பார்த்துக்கங்க.

பேரா? முனீஸ்வரி. ஜெபராஜ் அண்ணன் அதை மாத்தணும்ங்கிறாரு. "கரிசல் குயில் முனீஸ்"னு போடப் போறாராம். எனக்குக் குயிலே பிடிக்காதுக்கா. அடுத்தவ கூட்டுல முட்டை போட்டுட்டு மரத்து மேல உக்காந்து கூவுற ஜென்மம். நானெல்லாம் அப்படி இல்ல. நான் பாடுறது பூராவும் நானே கட்டுனது. ஒரு சொல்லு யாருகிட்டயும் வாங்குனது கிடையாது. எங்க வீட்டுல பாட்டுக்காரங்க பரம்பரையா, யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களான்னு அவரும் கேட்டாரு. ஒருத்தரும் இல்ல. அப்பா நாசிக்ல முறுக்குச் சுடுறாரு, தீபாவளிக்கு வந்து தூங்கிட்டுப் போவாரு. அம்மாவுக்குப் பாட்டுன்னாலே ஆகாது. ரேடியோவை அணைக்கிறதுக்குன்னே பிறந்தவ. அவளுக்குத் தெரிஞ்சது ரெண்டே தொழில். ஒன்னு, கரிமூட்டம். கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ளயே கனிய விட்டுக் கரியாக்குற வேலை. இன்னொன்னு, திட்டுறது.

சாதாரணமா நினைக்காதீங்க. எங்கம்மா ராக்கு திட்டுறான்னா எங்க ஊருல கோழி கூடக் கூட்டுக்குள்ள போயிரும். மனுசங்களைத்தான் திட்டணும்னு அவளுக்கு இல்ல. வெயிலைத் திட்டுவா. அருவாளைத் திட்டுவா. எனக்கு ஒன்பது வயசுல மூட்டத்துப் பக்கம் உக்காந்திருக்கேன், அவ புகையைத் திட்டிக்கிட்டு இருக்கா. "ஏ புகையே, நான் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வர்றியே, எனக்கென்ன நீ தாலி கட்டுனவனா? கட்டுனவனே நாசிக்ல கெடக்கான், நீ எதுக்கு என் கண்ணைக் கசக்குறே?" அப்படின்னு. புகைக்குக் காது இருக்குன்னு நினைப்பு. நான் அதையெல்லாம் காதுல வாங்குறதே இல்லைக்கா. அன்னைக்கு மூட்டத்தடியில சும்மா உக்காந்திருந்தேனா, தானா ஒரு பாட்டு வந்துச்சு பாருங்க.

புகையே புகையே போகாத புகையே
தாலி கட்டாத மாப்பிள்ளையே
கட்டுனவன் தூரதேசம்
கண்ணக் கசக்குறே நீ இங்கே

ஒன்பது வயசு! அங்க வேலை பார்த்த பொம்பளையாளுக எல்லாம் சிரிச்சு உருண்டாளுக. எங்கிருந்து வந்துச்சு இந்தப் புள்ளைக்குன்னு கேட்டாளுக. எனக்கே தெரியலை. சாமி குடுத்ததுதான். அம்மா மட்டும் சிரிக்கலை. கரித்துண்டை எடுத்து எறிஞ்சா.

பள்ளிக்கூடமா? பதினொன்னாவது பாதியில நின்னுட்டேன். யாரும் நிறுத்தலை, நானேதான் நின்னேன். ஊருக்கு ஒரே டவுன் பஸ்ஸு. அது தினமும் பத்து நிமிசம் லேட்டு. லேட்டா வந்தா வகுப்புக்கு வெளிய நிக்க விட்டுருவாங்க. நான் பாடம் படிச்சதை விட வெளிய நின்னு வேப்பமரத்தைப் படிச்சதுதான் அதிகம். ஒருநாள் அம்மாவைக் கூட்டிட்டு வான்னாங்க. வந்தா. கரிச்சீலையோட வந்து வாசல்ல நின்னு, "லேட்டா வந்தது பஸ்ஸு. வெளிய நிக்கிறது எம்புள்ளையா? பஸ்ஸைப் பிடிச்சு நிறுத்து வெளிய! முட்டி போடச் சொல்லு டயரை!"ன்னா. எனக்கு மானமே போச்சு. அந்த வெறுப்புலதான் மறுநாள் நான் ஒரு பாட்டுக் கட்டுனேன். "பஸ்ஸை நிறுத்துங்க வெளியிலே, டயரு போடட்டும் முட்டி"ன்னு. ஒரு வாரத்துல பள்ளிக்கூடம் பூரா அதான். ஆறாம் வகுப்புப் பொடுசுக கூடப் பாடுதுக. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுன்னாரு. பாட்டு நல்லா இருக்கா இல்லையான்னு சொல்லுங்க, அப்புறம் கேக்குறேன்னேன். அதோட சரி. இந்த டீச்சருங்களுக்கெல்லாம் சிவப்பு மையில கோடு போடத் தெரியும், நல்ல வரி வந்தா சிரிக்கத் தெரியாது. நீங்க ஏன்க்கா இருமுறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?

சரி, பத்தொன்பது நாளைக்கு முந்தி நடந்ததைச் சொல்றேன். நியாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

எங்க ஊரு முளைப்பாரி. தெரியும்ல? சட்டியில எருவும் மண்ணும் போட்டுப் பயறு விதைச்சு, இருட்டு வீட்டுக்குள்ள வச்சு வளர்த்து, எட்டாம் நாள் தலையில தூக்கிட்டுப் போய் ஊரணியில கரைக்கிறது. அந்த ஏழு நாளும் பொழுது சாயுறப்ப பொம்பளையாளுக வட்டமா நின்னு கும்மி கொட்டணும். ஒருத்தி வரி எடுத்துக் குடுப்பா. மத்தவுக அத்தனை பேரும் அதே வரியைத் திருப்பிப் பாடணும். ஒரு சொல்லு மாறக் கூடாது. வட்டம் முடியிற வரைக்கும் கையும் நிக்கக் கூடாது, வாயும் நிக்கக் கூடாது. எவ நிறுத்துறாளோ அவ சட்டியில முளை அழுகிரும். முளை அழுகுனா அந்த வருசம் அந்த வீட்டுல நல்லது நடக்காது. எங்க ஊருல சாமி இல்லைன்னு சொல்றவ கூட கும்மியில வாயை மூட மாட்டா.

வரி எடுத்துக் குடுக்கிறது எப்பவும் பொன்னுத்தாயி சித்தி. அவகிட்ட ஒரு பழைய நோட்டு இருக்கு. முப்பது வருசமா அதே பாட்டு. ஆறாம் நாள் சித்திக்குத் தொண்டை கட்டிருச்சு. திருவிழாவுக்கு வந்த ஐஸ் வண்டியில நாலு குச்சி ஐஸ் தின்னுருக்கா, அம்பது வயசுல. வட்டம் கட்டியாச்சு, வரி எடுக்க ஆளு இல்ல. ஒவ்வொருத்தியும் அடுத்தவ மூஞ்சியைப் பார்க்குறா. நான் உள்ள பூந்துட்டேன். ரெண்டு வருசமா அந்த இடத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தவக்கா நான்.

முதல் சுத்து அம்மனைப் பத்திப் பாடுனேன். ரெண்டாவது சுத்துல என்ன பாடுறதுன்னு யோசிக்கிறேன். எதிர்க்க எங்க வீடு. வாசல்ல நீலக்குழாய். அதுல எங்க ஆடு கட்டிக் கிடக்கு.

அந்தக் குழாயைப் பத்திச் சொல்லணும். வீட்டுக்கு வீடு வச்சிருக்காங்க. திறப்பு விழா நடத்தி, குழாய்க்கு மாலையெல்லாம் போட்டாங்க. அன்னையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அம்மாவுக்கு விடிஞ்சா இதான் சுப்ரபாதம். ஆட்டைக் கட்டிக்கிட்டே, "வீட்டுக்கு வீடு கொழாய் வச்சானுகளே, வெள்ளாடு கட்டவா வச்சானுக? மாலை போட்டுத் திறந்து வச்சவன் மறுநாள் வந்து திறந்து பார்த்தானா? ஊருக்கு வராத தண்ணி செங்கலுக்கு மட்டும் எப்படிடா வழி தெரிஞ்சு போகுது?" அப்படின்னு தினமும் கத்துவா. பஞ்சாயத்துத் தலைவரம்மா சொர்ணவல்லி பேருக்குத்தான் தலைவர். எல்லாம் அவுக வீட்டுக்காரரு கூரிச்சாமிதான். மோட்டார் ரூம்புச் சாவி அவரு இடுப்புல. செங்கல் சூளையும் அவருதுதான். நமக்கெதுக்கு அந்த அரசியல்? காலங்காத்தால அவ கத்துறப்ப நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்குவேன்.

இப்ப வட்டத்துல நிக்கிறேனா. ஆட்டைப் பார்த்தேனா. வந்துச்சு பாருங்க, மடை திறந்த மாதிரி.

வீட்டுக்கு வீடு கொழாய் வச்சாக
வெள்ளாட்டைக் கட்ட வச்சாக

அறுபது பொம்பளையாளுக, திருப்பிப் பாடுறாக. "வீட்டுக்கு வீடு கொழாய் வச்சாக, வெள்ளாட்டைக் கட்ட வச்சாக!" எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது.

மாலை போட்டுத் திறந்து வச்சாக
மறுநா திறந்து பாத்தாகளா

திருப்பிப் பாடுறாக. வட்டத்துல தலைவரம்மாவும் இருக்காக. பட்டுச்சேலை, புதுத் தாலிச்செயின், முதல் மரியாதை வாங்குனவுக. அவுக வாய் பாடுது, "மறுநா திறந்து பாத்தாகளா!"ன்னு கணீர்னு. பாடி முடிச்ச பெறகுதான் அவுக கண்ணுக்கு விசயம் போய்ச் சேருது. கண்ணு இப்படிப் பிதுங்குது. ஆனா கையை நிறுத்த முடியாதே! நிறுத்துனா முளை அழுகிருமே! அவுக சட்டிதான் இருக்கிறதுலயே பெரிய சட்டி வேற.

நான் விடுவேனா?

ஊருக்கு வராத தண்ணி
செங்கலுக்குப் போறதெப்படி
மோட்டாருச் சாவி எங்கே
மோதிரக் கைக்குள்ளதான்

தலைவரம்மா பாடுனாகக்கா! சாமி சத்தியமா. புருசனைப் பத்தி, பட்டுச்சேலையோட, கும்மி கொட்டி, ராகம் பிசகாம! "மோதிரக் கைக்குள்ளதான்"! அந்த மோதிரக் கையி கோயில் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கு. ஆம்பளையாளுக பக்கம் ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாம துண்டை வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டான்.

எங்கம்மாவும் வட்டத்துலதான் இருந்தா. பாடிக்கிட்டே என்னை ஒரு மாதிரி பார்த்தா. அந்த வரியை எங்கயோ கேட்ட மாதிரி. எங்க கேட்டிருப்பா? அப்பத்தான் நானே கட்டுறேன்.

அதை எவனோ போன்ல பிடிச்சுப் போட்டுட்டான். அதைப் பார்த்துத்தான் ஜெபராஜ் அண்ணன் கூப்பிட்டாரு. இன்னொன்னு தெரியுமா, மூணு நாள் குழாயில தண்ணி வந்துச்சு! நாலாம் நாள்ல இருந்து பழையபடி ஆடுதான்.

ஆனா எனக்கு ஆத்தாமை அதுல இல்ல. மறுநாள் தலைவரம்மா கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் என்ன சொன்னாக தெரியுமா? "பாடுனது ராக்கு மக இல்ல. ராக்கு. அந்த வாய் யாரு வாயின்னு எனக்குத் தெரியாதா?" அப்படின்னாக. ஊரே ஆமாம்ங்குது! டீக்கடையில, ரேஷன் கடையில, எங்க போனாலும் "ராக்கு நல்லாக் குடுத்தாடா"ங்கிறானுக. நான் பாடுனேன்க்கா! வரி எடுத்தது நான். தொண்டை கிழிஞ்சது எனக்கு. பேரு அவளுக்கா? இது எந்த ஊரு நியாயம்? சொல்லுங்க.

கரிமூட்டம் போடுற காடு கூரிச்சாமியோடதுதான். நாளையில இருந்து வர வேணாம்னு அம்மாவுக்குச் சொல்லி விட்டுட்டாரு. இப்ப அவ நாலு மைல் நடந்து வேற ஊருக்காரங்க காட்டுக்கு விறகு வெட்டப் போறா. பரவாயில்ல, நடை உடம்புக்கு நல்லது. நேத்து ராத்திரி கால்ல ஊசியை வச்சு முள்ளு எடுத்துக்கிட்டு இருந்தா. நான் எடுத்து விடவான்னு கேட்டேன், காலை இழுத்துக்கிட்டா. அதுக்கு நான் என்ன செய்ய? நான் என்ன பொய்யா பாடுனேன்? உள்ளதைத்தான பாடுனேன்?

அன்னையில இருந்து பேச்சை நிறுத்துனா. அம்மன் கோயில்ல போய் வாயைக் கட்டிட்டு வந்துட்டாளாம். "இந்த வாயாலதான போச்சு பொழப்பு"ன்னு ஆட்டுக்கிட்ட சொல்றா. ஆமாக்கா, ஆடு வழியாத்தான் எனக்குச் சேதி. "கருப்பாயி, கஞ்சி தூக்குவாளியில இருக்கு. குடிக்கிறவ குடிக்கட்டும்." "கருப்பாயி, மழை வருது, துணி காயப் போட்டவ எடுக்கட்டும்." ஆடும் என்னைத் திரும்பிப் பார்க்கும். அதுக்கும் என்னைக் கண்டா இளக்காரம் ஆயிப்போச்சு. திட்டாவது திட்டுவான்னு பார்த்தா அதுவும் இல்ல. வேணும்னே பாலைப் பொங்க விட்டுப் பார்த்தேன். வேணும்னே அருவாளை மழையில போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். தொடைச்சு எடுத்து வச்சுட்டுப் போயிட்டா. புகையைக் கூடத் திட்டலை. வீடு என்னமோ ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.

நிம்மதியா இருக்கணும்ல நான்? சத்தம் இல்ல, கத்தல் இல்ல, பாட்டு சும்மா பொங்கி வரணும்ல? அதான் இல்ல. அன்னையில இருந்து ஒரு வரி வரலைக்கா. கண்ணு பட்டிருக்கும். அறுபது பொம்பளையாளுக கண்ணுன்னா சும்மாவா? மிளகாய் சுத்திப் போட்டேன். தேனும் மிளகும் தின்னு பார்த்தேன். ஊரணிக்கரையில உக்காந்து பார்த்தேன். கொசுதான் வந்துச்சு.

இந்த லட்சணத்துல ஜெபராஜ் அண்ணன் என்ன பாட்டுக் கேட்டாரு தெரியுமா? அம்மா பாட்டு! "கொழாய்ப் பாட்டெல்லாம் வேணாம்மா, வம்பு. அம்மா பாட்டு கொண்டா. அழுதுக்கிட்டே பார்ப்பான், பார்த்துட்டு நாலு பேருக்கு அனுப்புவான்"ங்கிறாரு. எங்கம்மாவைப் பத்திப் பாட என்னக்கா இருக்கு? பத்து மாசம் சுமந்தவளேன்னு ஆரம்பிச்சேன். எல்லா அம்மாவும் பத்து மாசம்தான் சுமக்குறா, எங்கம்மா மட்டும் என்ன பதினொன்னா? அடிச்சுட்டேன். தாலாட்டிச் சீராட்டின்னு எழுதுனேன். எங்கம்மா எங்க தாலாட்டுனா? "தூங்குறியா, மூட்டத்துல வச்சு மண்ணைப் போடவா?"ன்னு கேப்பா. நான் தூங்கிருவேன். அதையும் அடிச்சுட்டேன். இந்தா பாருங்க, நோட்டுல முழுக்க அடிச்சது. பேனாவும் தீர்ந்து போச்சு.

இன்னைக்குக் காலையில அவ ஊரணிக்குத் தண்ணிக்குப் போயிருந்தப்ப கிளம்பிட்டேன். சொல்லிட்டு வரலாம்னா ஆட்டுக்கிட்டதான சொல்லணும். சொன்னேன். "கருப்பாயி, நான் மதுரைக்குப் போறேன், சாயங்காலம் வந்துருவேன்"னு. அது என் பாவாடையைத் தின்ன வந்துச்சு. என் செருப்பு வாரு வேற அந்துபோச்சு, அவ செருப்பைத்தான் மாட்டிக்கிட்டு வந்தேன். பாருங்க, ரெண்டு சைஸ் பெருசு. பஸ்ஸுல ஏறுறப்ப ஒத்தைச் செருப்பு கீழயே நின்னுருச்சு, இறங்கி எடுத்துட்டு ஏறுனேன்.

இருங்க, போன் அடிக்குது.

அம்மா நம்பர்.

அம்மாவா இருக்காது. பட்டன் போனை இடுப்புல சொருகியிருப்பா, தானா அமுங்கியிருக்கும். எடுக்கவா? எடுத்துருவோம். ஸ்பீக்கர்லதான் கேக்கும்க்கா, இந்தப் போனு காதுல கேக்காது. சகிச்சுக்கங்க.

அலோ?

"எங்கடி என் செருப்பு?"

அக்கா! பேசுறா! அம்மா பேசுறா!

"யாருடி அது பக்கத்துல? ஊரைக் கூட்டாத. எங்கடி என் செருப்பு? ரேஷன் கடைக்குப் போகலாம்னு பையைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்தா, வெறுந்தரை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுது!"

என் செருப்பு வாரு அந்துபோச்சும்மா...

"அந்து போனா போகட்டுமே. பாடப் போறவளுக்குச் செருப்பு எதுக்கு? நீதான் வாயாலயே நடக்குறவளாச்சே! உன் வாய்தான் உனக்கு முந்தி ஊர் ஊராப் போயிருச்சே! அதுக்கு மாட்டுறதுக்கா என் செருப்பு?"

அக்கா, பேனா இருக்கா? சீக்கிரம். எந்த மையா இருந்தாலும் குடுங்க... சிவப்பா? டீச்சரா நீங்க? அட கடவுளே. மன்னிச்சுக்கங்க, அப்புறம் மன்னிச்சுக்கங்க, முதல்ல பேனாவைக் குடுங்க.

அம்மா, சரியாக் கேக்கலை, பஸ்ஸு இரைச்சல். திரும்பச் சொல்லு. வாயாலே நடக்குறவளே... அப்புறம்?

"காது கேக்கலைங்கிறே, சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்றே. கும்மியாடி கொட்டுறோம்?"

நிறுத்தாதம்மா. நிறுத்துனா முளை அழுகிரும். சொல்லு.

"அழுகட்டும்! ரேஷன் கடை வரைக்கும் வழியெல்லாம் கருவ முள்ளு. காட்டுல இருக்கிற முள்ளுக்கெல்லாம் என் காலுதான் வாடகை வீடா? ஒன்னு காலி பண்றதுக்குள்ள ஒன்பது வந்து வீடு கேக்குது!"

வாடகை வீடா... ஒன்பது வந்து வீடு கேக்குது... ம். ம். எழுதிட்டேன். சொல்லும்மா.

"என்னத்தடி எழுதுறே? பத்தொன்பது நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்டி. அம்மன்கிட்டச் சொல்லிக் கட்டுன வாயி. அதையும் அவுக்க வச்சுட்டியே, சிங்காரி. வந்து சேரு. செருப்போட வந்து சேரு. செருப்பைத் தொலைச்சுட்டு மட்டும் வந்தே, அப்புறம் எதாலடி உன்னை அடிக்கிறது? அடிக்கவாச்சும் ஒன்னு வேணும்ல வீட்டுல? அதுக்காச்சும் வந்து சேரு."

அதுக்காச்சும்... வந்து... அம்மா? அம்மா?

வச்சுட்டா. வைக்கிறேன்னு சொல்லிட்டு வைக்கத் தெரியாது அவளுக்கு.

ஒன்னும் இல்லக்கா. கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்துங்க. சாத்தியா இருக்கு? சரி, அப்ப விடுங்க.

கேளுங்க, கேளுங்க. வந்துருச்சு!

வாயாலே நடக்குறவளே
வாசலிலே செருப்பு எங்கே
ஊரு ஊராப் போற வாயிக்கு
ஒத்தச் சோடிச் செருப்பு எங்கே

காட்டு முள்ளு குடியிருக்கக்
காலுதானா வாடகை வீடு
ஒன்னு காலி பண்ணும் முன்னே
ஒன்பது வந்து கேக்குது வீடு

செருப்போட வந்து சேரு
சிங்காரி வந்து சேரு
அடிக்கவாச்சும் வேணுமடி
அதுக்காச்சும் வந்து சேரு

எப்படி? பாருங்க, முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்குறாக. கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு ஊதாம நிக்கிறாரு. பத்து மாசமும் இல்ல, தாலாட்டும் இல்ல. அம்மா பாட்டு! பத்தொன்பது நாளா வராதது அஞ்சு நிமிசத்துல வந்துருச்சு. மிளகாய் சுத்திப் போட்டது இப்பத்தான் வேலை செய்யுது போல.

என்ன சொல்றீங்க? அம்மா சொன்னதா?

டீச்சர்னு இதுக்குத்தான் சொன்னேன். அவ சொன்னது திட்டுக்கா. திட்டு வேற, பாட்டு வேற. அவளுக்கும் பாட்டுக்கும் எத்தனை மைல் தூரம்! "எங்கடி என் செருப்பு"ன்னு யாரு வேணாலும் கத்துவாங்க. உங்க வீட்டுல கத்த மாட்டீங்களா? நீங்களும் தலைவரம்மா மாதிரியே பேசுறீங்களே. இதுல அவ பேரையும் சேர்த்துப் போடணுமா? ராக்கு - முனீஸ்வரின்னா? நல்லாவா இருக்கும்? ஏதோ ஜவுளிக்கடை மாதிரி இருக்கு. பார்ப்போம். ஜெபராஜ் அண்ணன் கேட்டா பார்ப்போம். குயிலுக்கு அது எவ்வளவோ தேவலை.

மூணு கண்ணி ஆச்சு. இன்னும் ஒன்னு வேணும். அதான் யோசிக்கிறேன்.

மணி என்னக்கா? பத்தே முக்காலா?

அப்ப கவலை இல்ல. ரெக்கார்டிங்குக்கு ஏதாவது அடையாள அட்டை வேணும்னாரு. என் ஆதார் மில்லுக்குன்னு சித்தப்பாகிட்ட இருக்கு. அதனால ரேஷன் கார்டை எடுத்துட்டு வந்துட்டேன். அவ ரேஷன் பையில இருந்துதான் எடுத்தேன், அவளுக்கு அது இன்னும் தெரியாது. வெறுங்காலோட முள்ளுல நடந்து போய், வரிசையில நின்னு, முறை வந்ததும் பைக்குள்ள கையை விட்டுத் துழாவுவா பாருங்க.

செவ்வாய்க்கிழமை எங்க ஊருல கடையைப் பதினொன்னுக்குத் திறப்பாங்க. வரிசையில அவளுக்கு முந்தி ஒரு நாலு பேரு இருப்பாங்கன்னு வச்சுக்கங்க.

பேனா அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்க்கா.